ஊருக்குப் போகாமலே நான் போய் வருகிற ஸ்டேஷன்

ராமேஸ்வரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு மாசத்தில் ஐந்தாறு தடவையாவது போகிறேன். வண்டி ஏறுவதென்னவோ வருசத்துக்கு ஒரு தடவை இருந்தால் அதிகம். தங்கச்சிமடத்தில் எங்களுக்கு மல்லிகை நாற்றுத் தோட்டம். குச்சியை மணலில் ஊன்றி, வேர் பிடித்ததும் பிடுங்கி, நூறு நூறாகக் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, பார்சலில் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவது என் பிழைப்பு. எனக்கு முன்னால் அப்பா இதைச் செய்தார். இரண்டு பையோடு இறங்கி, அக்னி தீர்த்தத்தில் முங்கி, ராத்திரி வண்டியில் திரும்புகிறவர்கள் கொடுக்கிற நட்சத்திரம் ஒரு கணக்கு. என்னுடையது வேறு கணக்கு. நான் ஐந்துக்கு நாலு போடுகிறேன். ஒன்றை ஏன் பிடித்து வைத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நல்லது. இது முட்டு ஸ்டேஷன், தண்டவாளம் இதோடு முடிகிறது. வெளியூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியாது. வழியில் உள்ள ஸ்டேஷன்களில் வண்டி இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோதான் நிற்கும். அதற்குள் சாமான் பெட்டியின் கதவைத் திறந்து, கட்டை ஏற்றி, எண்ணி, மூட வேண்டும். பாதி ஏறும்போதே விசில் ஊதிவிடுவார்கள். முட்டு ஸ்டேஷனில் அந்தப் பதற்றம் கிடையாது. வண்டி காலியாக வந்து நிற்கும். சாயங்காலம் கிளம்புகிற வண்டிக்கு மத்தியானமே போய் எடை போட்டு, மை வைத்து ஊர்ப்பேர் எழுதி, நிழலில் வைத்துவிடலாம். என் கட்டுகளுக்கு மேலே எது வர வேண்டும், எதை அடியில் போடலாம் என்று பக்கத்தில் நின்று சொல்லவும் நேரம் இருக்கும். கருவாட்டுக் கூடைக்கும் நண்டுப் பெட்டிக்கும் அடியில் மல்லிகை நாற்று போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

"என்னக்கா, இன்னைக்கு எத்தன கட்டு?" என்பார் அங்கே தள்ளுவண்டி தள்ளுகிற தம்பி.

"எட்டு. வேர்ப்பக்கம் மேல வர்ற மாதிரி வெச்சிறாத, போன தடவ மாதிரி."

"அது நான் இல்லக்கா."

அது அவர் இல்லை என்பது எனக்கும் தெரியும். வழியில் ஒரு ஜங்ஷன், பேர் வேண்டாம், அங்கே வண்டி மாற்றும்போது என் ஆறு கட்டை வெயிலில் ஒன்றரை நாள் போட்டு வைத்துவிட்டார்கள். வாங்கியவர் போட்டோ எடுத்து அனுப்பினார், விறகு போல இருந்தது. இதற்காக ராமேஸ்வரத்தின் நட்சத்திரத்தில் நான் கை வைக்கவில்லை.

ஆனால் இந்த ஸ்டேஷன் பெரிய லைனின் முனையாகப் பிறந்ததில்லை. வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இது தெரியாது.

மதுரையிலிருந்து மண்டபம் வரைக்கும் தண்டவாளம் வந்தது 1902-ல். அதற்கு அப்பால் கடல். பாம்பன் பாலத்தை 1914 பிப்ரவரி 24-ல் திறந்தார்கள். 145 கண், நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்கிற ஷெர்சர் தூக்குப் பாலம். ஆட்கள் நின்று கம்பியைத் தள்ளித் தள்ளித்தான் அதைத் திறப்பார்கள். இவ்வளவு பணத்தைக் கடலில் கொட்டியது ராமநாதசுவாமியைக் கும்பிட வருகிறவர்களுக்காக என்று நினைத்தால் தப்பு. கொழும்புக்காக. பாம்பனிலிருந்து பெரிய லைன் தனுஷ்கோடிக்குப் போனது. அங்கே ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினால் மறுகரை தலைமன்னார். அங்கிருந்து இன்னொரு ரயில். சென்னை எழும்பூரில் எடுக்கிற ஒரே டிக்கெட் கொழும்பு வரைக்கும் செல்லும். அதனால்தான் அந்த வண்டிக்குப் போட் மெயில் என்று பேர். இன்றைக்கும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் என்று போர்டு மாட்டியிருந்தாலும் எங்கள் வாயில் அது போட் மெயில்தான். கப்பல்களுக்கு இர்வின், கோஷன் என்று வெள்ளைக்காரப் பிரபுக்களின் பேர்.

இந்தக் கணக்கில் ராமேஸ்வரம் ஒரு கிளை. பாம்பனில் பிரிந்து வடகிழக்கே ஒதுங்கி, கோயிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற சின்னக் கிளை. எழும்பூர் ஸ்டேஷனை முதல் தடவை பார்த்துவிட்டு வந்த அப்பா, "அந்த முனையில அரமன, இந்த முனையில கொட்டாயி" என்று சொன்னது நினைவிருக்கிறது. எழும்பூர் 1908 ஜூன் 11-ல் திறந்தது. ஹென்றி இர்வின் வரைந்த வரைபடம், பெங்களூர் சாமிநாத பிள்ளை கட்டிய கட்டடம். சிவப்பும் வெள்ளையுமாகக் குவிமாடம் வைத்து நிற்கிறது. அந்த அரண்மனைக்கு மறுமுனையாக ரயில் கம்பெனி மனசில் வைத்திருந்தது தனுஷ்கோடியைத்தான், எங்களை இல்லை.

அப்துல் கலாம் சின்ன வயசில் பேப்பர் போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மெயில் வண்டி ராமேஸ்வரத்துக்காரர்களுக்காக நிற்பதை நிறுத்திவிட்டார்கள். தனுஷ்கோடி லைனில் ஓடிக்கொண்டே இருக்கிற வண்டியிலிருந்து பேப்பர்க் கட்டைத் தூக்கி எறிவார்கள், அதைப் பிடிக்க ஆள் வேண்டும், அந்த ஆள்தான் கலாம். ராமேஸ்வரம் எவ்வளவு சின்ன இடமாக இருந்தது என்று காட்ட எனக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். மெயில் வண்டி எங்களை எட்டிப் பார்க்காமலே போய்க்கொண்டிருந்த காலம் அது.

1964 டிசம்பர் 22 ராத்திரி எல்லாம் மாறியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653-ம் நம்பர் பாசஞ்சர், ஊர் எட்டுகிற தூரத்தில் கடலுக்குள் போனது. நூற்றுக்கு மேல் ஆள். ஸ்டேஷன், சுங்கச்சாவடி, தபாலாபீஸ், ஜெட்டி எல்லாம் போச்சு. பாம்பன் பாலத்தின் கர்டர்களும் பெரும்பாலும் தண்ணீரில். எங்கள் அப்பத்தா அந்த ராத்திரியைப் பற்றிப் பேசவே மாட்டாள். கேட்டால், "காத்து அடிக்கல, கத்துச்சு" என்று ஒரு வரி, அவ்வளவுதான். வீட்டுக்கூரையின் கீற்று பேய்க்கரும்புப் பக்கம் ஒரு பனையில் தொங்கிக்கொண்டிருந்ததாம். பாலத்தைச் சரிசெய்ய ஆறு மாசம் கெடு வைத்தார்கள். இ. ஸ்ரீதரன் என்கிற இளம் என்ஜினியர் கடலில் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து மாட்டி, 46 நாளில் முடித்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டியவர் அவர்தான்.

பாலம் திரும்பியது. தனுஷ்கோடி லைன் திரும்பவில்லை. கிளையாக இருந்தது முனையாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் ராமேஸ்வரம் ஸ்டேஷனைப் பெரிய ஸ்டேஷன் ஆக்கியது எந்த ஆபீசரும் இல்லை, ஒரு புயல்.

தனுஷ்கோடி செய்த வேலையும் எங்கள் தலையில் வந்தது. புயலுக்கு இரண்டு மாசம் முன்னால், அதே 1964 அக்டோபர் 30-ல்தான் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். தேயிலைத் தோட்டத் தமிழர்களில் லட்சக்கணக்கானவர்களை இந்தியா எடுத்துக்கொள்வது என்று. அவர்கள் வந்து இறங்க வேண்டிய துறைமுகம் கடலோடு போய்விட்டது. அதனால் ராமானுஜம் கப்பல் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்தது. எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயசு. அப்பாவோடு நாற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்து போவேன். மண்டபம் கேம்ப்புக்குப் போகிற வண்டிக்காகப் பிளாட்பாரத்தில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். டிரங்குப் பெட்டி, பித்தளைக் குடம், சுருட்டிய பாய். இந்த ராமேஸ்வரம் வெயிலில் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார்கள். மலையில் இருந்து வந்தவர்கள், கையில் பிடிப்பதைவிட உடம்பில் போட்டுக்கொள்வது சுலபம் என்று போட்டார்களோ என்னவோ. அந்தக் கம்பளிச் சட்டை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஒரு தாத்தா எங்கள் கட்டை மோந்து பார்த்துவிட்டு, "பூ எங்க?" என்று கேட்டார். "இன்னும் பூக்கல, வேர்தான் வந்திருக்கு" என்றார் அப்பா. அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தோம்.

அவர்களுடைய அப்பன் பாட்டன்கள் இதே மண்டபம் கேம்ப்பில் அடைபட்டு, டாக்டர் சோதனை முடித்துத்தான் இலங்கைக்குப் போயிருப்பார்கள். போன தடத்திலேயே பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். 1984-ல் கப்பலும் நின்றது. அதற்குப் பிறகு இந்த ஸ்டேஷனுக்கு வருகிற கூட்டம் கோயிலுக்கு வருகிற கூட்டம்தான்.

ரோட்டுப் பாலம் 1988 அக்டோபர் 2-ல் திறக்கிற வரைக்கும் தீவை விட்டு வெளியே போக ரயில், இல்லையென்றால் வள்ளம். பிரசவ வலி எடுத்தவளும் ரயிலுக்குத்தான் காத்திருக்க வேண்டும். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள்.

அடுத்த பெரிய மாற்றம் 2007. மானாமதுரை–ராமேஸ்வரம் லைன் அகலப்பாதை ஆனது அந்த ஆகஸ்டில். அதுவரை மீட்டர் கேஜ். வடக்கேயிருந்து வருகிற யாத்திரைக்காரர்கள் சென்னை சென்ட்ரலில் இறங்கி, மூட்டையோடு எழும்பூருக்கு மாறி, சின்ன வண்டி ஏறி வர வேண்டும். அகலப்பாதை வந்ததும் பனாரஸ், புவனேஸ்வர், துவாரகைப் பக்கத்து ஓகா என்று நேர் வண்டிகள் வந்தன. ராமேஸ்வரத்து மணலைக் காசிக்குக் கொண்டுபோய், கங்கைத் தண்ணீரை இங்கே கொண்டுவருவது பழைய வழக்கம். இப்போது அது ஒரே ரயிலில் நடக்கிறது. பிளாட்பாரத்தில் செப்புச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிற கிழவிகளைப் பார்த்தாலே பனாரஸ் வண்டி வந்துவிட்டது என்று தெரியும். எனக்கும் இதில் ஆதாயம் உண்டு, ஒடிசாவுக்கு நாற்று போகிற வழி சுருங்கியது. இந்தியில் நூறு வரைக்கும் எண்ணக் கற்றுக்கொண்டதும் இந்தப் பிளாட்பாரத்தில்தான். நூற்றுக்கு மேல் தேவைப்படவில்லை, கட்டுக்கு நூறுதானே.

2016 ஜூலையில் இந்த லைனைப் பசுமைப் பாதை என்று அறிவித்தார்கள். ராமேஸ்வரம்–மானாமதுரை 114 கிலோமீட்டரில் ஓடுகிற வண்டிகளின் கக்கூஸ் எதுவும் தண்டவாளத்தில் விழக்கூடாது என்று ஏற்பாடு. நாட்டிலேயே முதல் பாதை இதுதான். பேப்பரில் அது சின்னச் செய்தி. பிளாட்பார ஓரத்தில் மூன்று மணி நேரம் நாற்றுக் கட்டோடு உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பெரிய செய்தி.

டிசம்பர் எங்களுக்கு ராசியில்லாத மாசம். 2022 டிசம்பரில் பழைய பாலம் ஆட்டம் கண்டுவிட்டதென்று ரயிலை நிறுத்தினார்கள். கடைசிக் காலத்தில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதனால் நாலைந்து மாசத்தில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம். இரண்டு வருசம் மூன்று மாசம் ஆனது. வண்டிகள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் நின்றன. நான் வேன் பிடித்துக் கட்டுகளைப் பாலம் தாண்டிக் கொண்டுபோனேன். லாபத்தில் வேன் வாடகை உட்கார்ந்துகொண்டது. ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்கு அந்த நாட்களில் ஒரு தடவை சும்மா போய்ப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் ஆடு படுத்திருந்தது. நான் வந்தது அதற்குத் தொந்தரவாக இருந்திருக்க வேண்டும், எழுந்து தூரப் போய்ப் படுத்தது.

2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று புதுப் பாலத்தைப் பிரதமர் திறந்தார். தாம்பரத்துக்குப் புது வண்டியும் விட்டார்கள். இந்தப் பாலத்தில் நடுக்கண் பழையது போல இரண்டாகப் பிளந்து சாய்ந்து எழாது. 72.5 மீட்டர் நீளமுள்ள மொத்தத் துண்டும் லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் நேராக மேலே போகும், மோட்டார் தூக்கும். வண்டிக்கு 75 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் அனுமதி, தூக்குத் துண்டின் மேல் 50. சௌகரியம்தான். ஆனால் பழைய பாலத்தில் ஊர்ந்து போகும்போது கீழே வலை வளைக்கிறவரின் முகத்தை அடையாளம் கண்டு, "மச்சான், என்ன பாடு?" என்று கத்திக் கேட்கலாம். இப்போது கேட்பதற்குள் மண்டபம் வந்துவிடும்.

ஸ்டேஷனைப் புதுசாகக் கட்டுகிற திட்டத்துக்கு 2022 மே மாசம் அடிக்கல் வைத்தார்கள். எழும்பூர், மதுரை, காட்பாடி, கன்னியாகுமரியோடு சேர்த்து ஐந்தில் ஒன்று. வரைபடத்தில் கோயில் சாயல் தெரிகிறது. கோயில் நடந்து போகிற தூரத்தில் நிஜமாகவே இருக்கும்போது ஸ்டேஷனையும் கோயில் மாதிரி கட்டுவானேன் என்பது என் அபிப்பிராயம். தோட்டக்காரி அபிப்பிராயத்தை யாரும் கேட்டு வரவில்லை.

நீங்கள் வருகிறீர்கள் என்றால் சில விஷயம். கடலைப் பார்க்க வேண்டுமானால் விடிந்த பிறகு பாலம் ஏறுகிற வண்டியாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். சேது எக்ஸ்பிரஸ் கருக்கலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும், பாலமும் இருட்டு, கடலும் இருட்டு. ரோட்டுப் பாலம் தெரியாத பக்கத்து ஜன்னலில் உட்காருங்கள். வாடைக்காற்று பலமாக அடிக்கிற நாளில் வண்டியைப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தி வைப்பது உண்டு. கோபப்படாதீர்கள், 653-க்குப் பிறகு இந்தக் கரையில் காற்றை மதிக்கக் கற்றுக்கொண்டோம். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முந்தின ராத்திரி பிளாட்பாரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. நான் அந்த இரண்டு நாளும் பார்சல் போடுவதில்லை. கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள்தான், பை கனமில்லை என்றால் நடந்துவிடலாம். ஆட்டோவில் ஏறுகிறவர்கள் ஏறும் முன்னால் பேசிக்கொள்ளுங்கள். பெரியம்மா மகள் வந்தபோது ஒருத்தர் தீவையே சுற்றிக்காட்டிவிட்டு வாடகை கேட்டார். சீசனில் வெளியே பனங்கிழங்கு அவித்து விற்பார்கள், வாங்குங்கள்.

பிடித்து வைத்த ஒரு நட்சத்திரம். இந்த ஸ்டேஷன் எதனால் ஸ்டேஷன் ஆனது என்று வருகிறவனுக்குச் சொல்ல ஒரு சுவர் வேண்டும். தலைமன்னார் டிக்கெட், இர்வின் கப்பல், 653, ராமானுஜத்தில் வந்து இறங்கிய கம்பளிச் சட்டைப் பிள்ளைகள். கோபுரப் பொம்மைக்கு ஒதுக்குகிற இடத்தில் பாதி போதும். புதுக் கட்டடம் முடிந்து அப்படி ஒரு சுவர் வந்துவிட்டால் ஐந்தாவதையும் போட்டுவிடுகிறேன்.

தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விடப்போவதாக 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள், தண்டவாளம் இன்னும் வரவில்லை. ஆனால் வருகிற பையன்கள் எல்லோரும் பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் நடந்துபோய், தண்டவாளம் முட்டி நிற்கிற இடத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். போன வாரமும் ஒரு தம்பி, கோயம்புத்தூராம், முட்டுக்கு அந்தப்புறம் புதரைக் காட்டி, "அக்கா, பழைய தனுஷ்கோடி லைன் இப்பிடியே நேரா போகுமா?" என்று கேட்டான். கையில் நாற்றுக் கட்டு இருந்தது, தாடையால்தான் காட்ட முடிந்தது.

"அங்க இல்ல தம்பி. நீ வந்தியே, அந்தப் பக்கம். திரும்பப் பாம்பனுக்குப் போவணும், அங்கதான் பிரியும்."